ஓட்டே இல்லாமல் ஜெயித்தவரும் வாசலிலேயே நின்றவரும்

2018 ஏப்ரல் 28, சனிக்கிழமை. மலேசியா முழுக்க வேட்புமனுத் தாக்கல். காலை ஒன்பது மணிக்கு மனு வாங்க உட்கார்ந்தால் பத்து மணிக்குக் கடையைக் கட்டிவிடுவார்கள். ராகுகாலம், எமகண்டம் என்று யாரும் தயவு கேட்க முடியாது. அன்று கடை கட்டியபோது நெகிரி செம்பிலான் மாநிலத்து ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் முகமட் ஹசான் ஜெயித்தே விட்டார். ஊர் வழக்கில் அவர் தோக் மாட். வாக்குப்பதிவுக்கு இன்னும் பதினொரு நாள் பாக்கி இருந்தது. அவருக்கு ஒருவரும் ஒரு ஓட்டும் போடவில்லை. அவரே போட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பதினான்காவது பொதுத்தேர்தலில் 222 நாடாளுமன்றத் தொகுதி, 505 சட்டமன்றத் தொகுதி. இத்தனையிலும் போட்டியே இல்லாமல் மடியில் வந்து விழுந்தது இந்த ஒரு ரந்தாவ்தான். 2004 முதல் மந்திரி பெசார், அதாவது மாநில முதல்வர், அதே வருஷம் முதல் ரந்தாவுக்குச் சட்டமன்ற உறுப்பினர், அம்னோவின் பெரும்புள்ளி என்பதால் எதிரிகள் பயந்து ஓடிவிட்டார்கள் என்று நினைத்தால் தப்பு. எதிரி வந்தார். வேலைமெனக்கெட்டு, மனுவை எழுதிக்கொண்டு, முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் என்று ஆள் சகிதம் வந்தார். உள்ளேதான் விடவில்லை.

வந்தவர் டாக்டர் ஸ்ரீராம் சின்னசாமி, பி.கே.ஆர். கட்சிக்காரர். தொழில், மயக்க மருந்து நிபுணர். கூட்டத்தைப் பேசியே தூங்கவைக்கும் அரசியல்வாதிகள் நம்மிடையே ஏராளம். அதையே முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிச் செய்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். அவரிடம் மனு இருந்தது, கட்சி இருந்தது, சின்னம் இருந்தது. தேர்தல் ஆணையம் கொடுக்கும் பாஸ் மட்டும் இல்லை. (இது வாசல் சீட்டு பாஸ். பாஸ் என்று ஒரு கட்சியும் இந்த நாட்டில் உண்டு; அதுவும் அன்று ரந்தாவ் பட்டியலில் இல்லை. ஆக ரெண்டு பாஸும் இல்லாத தொகுதி.) கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளையையே நிறுத்தி, "பத்திரிகை எங்கே?" என்று கேட்டு, அவர் வேட்டியைத் தடவித் தேடுவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்த கதை.

நெகிரி செம்பிலானுக்கு இதில் ஒரு தனி விசேஷம் உண்டு. மற்ற மலாய் மாநிலங்களில் பெரும்பாலும் அப்பாவுக்குப் பின் மகன் என்று அரசுரிமை போகும். இங்கே சுங்கை ஊஜோங், ஜெலபு, ஜொகோல், ரெம்பாவ் என்று நான்கு உண்டாங்குகள், அதாவது வட்டாரத் தலைவர்கள், கூடி உட்கார்ந்து ஆட்சியாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். நூற்றாண்டுகளாக இதுதான் வழக்கம். சிம்மாசனம் ஏற வேண்டியவருக்கே நான்கு பேர் சம்மதம் வேண்டும் என்கிற மாநிலத்தில், சட்டமன்ற நாற்காலிக்கு ஒரு ஆள் சம்மதமும் தேவைப்படவில்லை. இந்த ரந்தாவ், அந்த உண்டாங்குகளில் ஒருவர் இருக்கும் ரெம்பாவ் நாடாளுமன்றத் தொகுதிக்குள்தான் கிடக்கிறது.

தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிக்கவேண்டாம். ஐந்து மாதம் முன்னால்தான், 2017 டிசம்பரில், ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள், ஏற்றுக்கொண்டோம் என்றார்கள், மறுபடி தள்ளுபடி என்றார்கள். எல்லாம் ஒரே ராத்திரிக்குள். அங்கே முன்மொழிந்தவர்களின் கையெழுத்தில் தகராறு. ஆனால் விஷாலை மேசை வரை விட்டார்கள். அந்த மரியாதைகூட நம் டாக்டருக்குக் கிடைக்கவில்லை.

மே 9-ஆம் தேதி தேர்தல். அம்னோ தலைமையில் அறுபத்தோரு வருஷம் நாட்டை ஆண்ட தேசிய முன்னணி அன்று ராத்திரி கவிழ்ந்தது. நெகிரி செம்பிலானும் கைமாறியது: 36 இடத்தில் பி.கே.ஆர். இருந்த நம்பிக்கைக் கூட்டணிக்கு 20, தேசிய முன்னணிக்கு 16. அந்தப் பதினாறில் ஒன்று, ஓட்டே விழாத ரந்தாவ். பி.கே.ஆரின் அமினுடின் ஹருன் மந்திரி பெசார் ஆனார். தோக் மாட் எதிர்க்கட்சி வரிசைக்குப் போனார். வாசலில் நின்ற டாக்டருக்கு இது என்ன மாதிரி இருந்திருக்கும் பாருங்கள். அலை அடித்த வருஷம். கட்டிலில் படுத்துக்கொண்டு நின்றவன்கூட ஜெயித்த வருஷம். அந்த வருஷத்தில் இவருக்குத் தோற்கக்கூட வாய்ப்பில்லை.

டாக்டர் கோர்ட்டுக்குப் போனார். சிரம்பானில் தேர்தல் நீதிமன்றம் வழக்கை எடுத்து, 2018 நவம்பர் 16-இல் நீதிபதி அசிமா ஓமார் தீர்ப்புச் சொன்னார்: ரந்தாவ் முடிவு செல்லாது. வேட்பாளரை உள்ளே விட அந்தப் பாஸ் வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. இல்லாத சட்டத்தை வைத்து இருக்கிற மனுஷனை நிறுத்தியது தப்பு. தோக் மாட் மேல்முறையீட்டுக்குப் போனார். 2019 பிப்ரவரி 18-இல் கூட்டரசு நீதிமன்றமும் அதையே சொல்லி அனுப்பிவிட்டது. இடைத்தேர்தல் ஏப்ரல் 13, சனிக்கிழமை என்று தேர்தல் ஆணையம் நாள் குறித்தது.

கையில் பஞ்சாங்கம் இருக்கும் தமிழர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். டாக்டர் வாசலில் நின்றது விளம்பி வருஷத்துச் சித்திரையில். ஓட்டுப்பதிவு அதே விளம்பி வருஷத்தின் கடைசி நாளில். மறுநாள் விகாரி பிறக்கிறது. ஒரு காகிதத் துண்டுக்காக ஒரு முழுத் தமிழ் வருஷம் செலவாகியிருக்கிறது. (புத்தாண்டு தையிலா சித்திரையிலா என்று எனக்குக் கடிதம் எழுத உட்காரும் அன்பர்கள் தயவுசெய்து எழுந்துவிடவும்.)

இந்த வட்டாரத்து இடைத்தேர்தல்களுக்கும் நம் பண்டிகைகளுக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம் இருக்கிறது. 2009 அக்டோபர் 11, பக்கத்துப் பாகான் பினாங் சட்டமன்ற இடைத்தேர்தல். தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால். அதே வருஷம் ஜனவரியில்தான் தமிழ்நாடு, ஓட்டுக்குக் காசு கொடுப்பதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல்லை உலகுக்கு அருளியிருந்தது. பாகான் பினாங்கில் தேசிய முன்னணி நிறுத்தியது ஈசா சமாட்டை. இவர் 1982 முதல் 2004 வரை இருபத்திரண்டு வருஷம் மந்திரி பெசார். பண அரசியல் செய்தார் என்று சொந்தக் கட்சியான அம்னோவே 2005-இல் இவரை இடைநீக்கம் செய்திருந்தது. அம்னோவிலேயே பண அரசியலுக்கு மாட்டிக்கொள்வது என்றால் அதற்கு எவ்வளவு உழைத்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள். தண்டனைக் காலம் முடிந்து வந்தவருக்கு மக்கள் 8,013 ஓட்டு போட்டார்கள். எதிரில் நின்ற பாஸ் கட்சிக்காரருக்கு 2,578. கட்சி மன்னித்ததைவிட ஜனங்கள் கூடுதலாக மன்னித்துவிட்டார்கள். அந்தத் தொகுதியில் ஐந்தில் ஒருவர் இந்தியர். அந்தத் தீபாவளிக்கு வாழ்த்து அட்டைக்குப் பஞ்சம் இருந்திருக்காது.

அப்புறம் 2018 அக்டோபர் 13, நவராத்திரி நடக்கும்போது, போர்ட்டிக்சன் நாடாளுமன்ற இடைத்தேர்தல். யாரும் சாகவில்லை, கோர்ட்டு செல்லாது என்று சொல்லவுமில்லை. பி.கே.ஆர். தலைவர் அன்வார் இப்ராகிம் நாடாளுமன்றம் போகவேண்டும். அதற்காக டேனியல் பாலகோபால் என்கிற முன்னாள் கடற்படை அதிகாரி எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். ஏழு பேர் போட்டி. அன்வாரைச் சிறைக்கு அனுப்பிய வழக்கில் புகார் சொன்ன சைபுல் புகாரியும் அவர்களில் ஒருவர். அவருக்குக் கிடைத்தது 82 ஓட்டு. பழைய ஈசா சமாட்டும் அம்னோவை உதறிவிட்டுச் சுயேச்சையாக வந்தார். 4,230 ஓட்டு வாங்கி டெபாசிட்டைப் பறிகொடுத்தார். அன்வாருக்கு 31,016. ஒன்பது வருஷம் முன்னால் பாகான் பினாங்கில் தோளில் தூக்கிவைத்த அதே கடற்கரை ஜனங்கள்தான் ஈசாவை மணலில் இறக்கிவைத்தார்கள்.

ஆக ரந்தாவ் பக்கத்து வாக்காளன் பச்சைப்பிள்ளை இல்லை. ஆறு மாதம் முன்னால்தான் பக்கத்துத் தொகுதியில் கூடாரம் போட்டு, மீ கோரிங் வறுத்து, மைக் கட்டி, எல்லாம் முடிந்து குப்பை அள்ளியதைப் பார்த்தவன். அடுத்த தவணை தன் வீட்டு வாசலுக்கு வருகிறது என்று தெரிந்ததும் அவன் செய்த முதல் வேலை, ரோட்டுக் குழிகளை எண்ணி வைத்ததாகத்தான் இருக்கும்.

யார் இந்த வாக்காளன்? சிரம்பானிலிருந்து லிங்கிக்குப் போகிற வழியில் ரந்தாவ் சின்ன டவுன். சுற்றிவரத் தோட்டங்கள். லின்சம் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தோட்டமும் உண்டு, தோட்டத்தின் பெயரில் தமிழ்ப்பள்ளியும் உண்டு. ஒரு காலத்தில் கித்தாக் காடு. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, பால் மரம் வெட்டி, வாளி சுமந்து, துரையிடமும் கிராணியிடமும் திட்டு வாங்கிய சனம். 1955-இல் மலாயாவில் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது வாக்காளர் பட்டியலில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள். லயத்துச் சனத்தில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையே இல்லை, அப்புறம் எங்கே ஓட்டு? அவர்களைத் தேடி அன்றைக்கு ஒரு வேட்பாளரும் வேர்க்க விறுவிறுக்க வரவில்லை. வந்தது கங்காணி மட்டும்தான், வேலைக்கு எழுப்ப.

பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாகி வீடமைப்புத் திட்டமாயின. லயத்துப் பிள்ளைகள் தாமான்களுக்குக் குடிபோனார்கள். தோட்டத்தில் குலை அறுக்க இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் வந்தார்கள். வேட்பாளர் பாசத்தோடு 'தோட்டப்புற மக்களே' என்று செம்பனைக்கு நடுவில் நின்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர்களில் பாதிப்பேருக்கு ஓட்டே கிடையாது. ஓட்டு இருக்கிற தோட்டப்புற மக்கள் இரண்டு மைல் தள்ளி, தவணைக் காசு கட்டும் ஒட்டு வீட்டில் உட்கார்ந்து சன் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரந்தாவில் அப்போது இருந்த 20,926 வாக்காளர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியர். நால்வரில் ஒருவர் என்பது அரசியல் கணக்கில் பெரிய சங்கதி. பதினான்கு நாளைக்கு.

மார்ச் 30-இல் மனுத்தாக்கல். டாக்டர் இந்தத் தடவை உள்ளே போய்விட்டார். அவர் உள்ளே போனதே அன்றைய தலைப்புச் செய்தி. மனு கொடுப்பதற்காக ஒரு மனிதரைப் பாராட்டியது மலேசிய வரலாற்றில் அதுவே முதல் தடவையாக இருக்கலாம். அநீதி யாருக்கு நடந்ததோ அவருக்கே இடம் என்று பி.கே.ஆர். அவரையே நிறுத்தியிருந்தது. நியாயம்தான். தமிழ் வேட்பாளரைப் போட்டு மலாய்க்காரர் பெரும்பான்மைத் தொகுதியை ஜெயிக்க முடியுமா என்று கணக்குப் பார்த்தவர்களும் இருந்தார்கள். நியாயமும் கணக்கும் ஒரே கூட்டணியில் இருந்தாலும் ஒரே காரில் வருவதில்லை. கூடவே இரண்டு சுயேச்சைகள். சட்டமன்றத் தேர்தலுக்கு 5,000 வெள்ளி டெபாசிட்; எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் காசு போச்சு. எந்தத் தைரியத்தில் கட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத ஆன்மிக ரகசியம்.

எதிர்ப்பக்கத்தில் நிலவரம் இன்னும் வேடிக்கை. அம்னோ தலைவர் சாஹிட் ஹமிடி விடுப்பில் இருந்ததால், துணைத்தலைவரான தோக் மாட்தான் அப்போது கட்சிக்கே பொறுப்பு. அதாவது அம்னோவின் தற்காலிகத் தலைவரே ஒரு கிராமத்துச் சட்டமன்றச் சீட்டுக்கு வீடு வீடாக நடக்கிறார். மார்ச் 5-இல் அம்னோவும் பாஸ் கட்சியும் கைகோர்த்தன; வருஷக்கணக்காக ஒன்றையொன்று திட்டிய திட்டெல்லாம் ஒரு சாயங்காலத்தில் காணாமல் போயின. அதற்கு முந்தின நாள், மார்ச் 4-இல், தேசிய முன்னணியின் சீனப் பங்காளி ம.சீ.ச.வும் நம்முடைய ம.இ.கா.வும் சேர்ந்து, இந்த வீட்டில் இனி எங்களுக்குச் சரிப்படாது, வேறு இடம் பார்க்கிறோம் என்று அறிக்கை விட்டிருந்தன.

ம.இ.கா.வின் மனசையும் பார்க்கவேண்டும். 2018-இல் நாடு முழுக்க அதற்கு மிஞ்சிய நாடாளுமன்றச் சீட்டு இரண்டு. கேமரன் மலைச் சீட்டை, ஓட்டுக்குக் காசு கொடுத்த விவகாரத்தில் கோர்ட்டு நவம்பர் கடைசியில் செல்லாது என்று சொல்லிவிட்டது. 2019 ஜனவரியில் அங்கே இடைத்தேர்தல். தேசிய முன்னணி ம.இ.கா.வை உட்காரச் சொல்லிவிட்டு, பூர்வகுடியைச் சேர்ந்த ரம்லியை நிறுத்தி ஜெயித்தது. தன் சீட்டில் வேறொருவர் ஜெயித்ததற்குக் கைதட்டிய கையோடு மார்ச்சில் கோபித்துக்கொண்டு, ஏப்ரலில் ரந்தாவ் தாமான்களில் அதே தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்துக்கு ஓட்டுக் கேட்டுக்கொண்டு நின்றது. பிறந்தவீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டி கட்டிய மருமகள், விருந்தாளி வந்ததும் பெட்டியை ஓரம் வைத்துவிட்டு உலை வைக்கிற பெருந்தன்மை எல்லாக் கட்சிக்கும் வராது.

கேமரன் மலைக்கு அப்புறம் மார்ச் 2-இல் சிலாங்கூரின் செமினியிலும் தேசிய முன்னணி 1,914 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தது. பத்து மாதம் முன்னால் மக்கள் கைகழுவிய முன்னாள் பிரதமர் நஜிப், சட்டையை மாற்றி, மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்து படம் எடுத்து, 'வெட்கம் என்ன, முதலாளி' என்று பொருள்படும் மலாய் வாசகத்தைப் பனியனில் அச்சடித்து இளவட்டங்களுக்கு நாயகனாகியிருந்தார். ரந்தாவ் பிரச்சாரத்தின் ஐந்தாம் நாள், ஏப்ரல் 3-இல், எஸ்.ஆர்.சி. வழக்கில் 42 மில்லியன் வெள்ளி சம்பந்தமான ஏழு குற்றச்சாட்டுகளின் பேரில் கோலாலம்பூரில் அவர்மேல் விசாரணை தொடங்கியது. கோர்ட்டில் குற்றப்பத்திரிகை, பசார் மாலாமில் பனியன். அந்த வாரம் இரண்டும் சக்கைப்போடு.

இனி அந்தப் பதினான்கு நாள். இதைத் தேதிவாரியாகச் சொல்வது வீண். எந்த ஊர் இடைத்தேர்தலானாலும் ஒரே கூத்துதான், ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முதலில் கொடி. கம்பம், வேலி, பாலம், பஸ் நிறுத்தம், அசையாமல் நிற்கிற எதன்மேலும் கொடி. அப்புறம் கூடாரம், சிவப்பு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி, அண்டாவில் தே ஓ, பொட்டலத்தில் மீ ஊன். அரசாங்கத் தரப்பில் அமைச்சர், துணையமைச்சர், அவர்களின் செயலாளர், செயலாளரின் படப்பிடிப்பாளர். புத்ராஜெயாவில் பார்க்க மூன்று மாதம் காத்திருக்கவேண்டிய அதிகாரிகள் ரந்தாவ் சாப்பாட்டுக் கடையில் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "பசியாறியாச்சா?" என்று அவர்களாகவே கேட்பார்கள். மலாய் வேட்பாளர் வணக்கமும் நன்றியும் கற்றுக்கொண்டு வருவார்; நடுவில் வேறு சொல் தேவைப்பட்டால் ரொட்டி சானாய், தோசை என்று சமாளிப்பார். தமிழ் வேட்பாளர் மலாய்க் கம்போங்கில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இன்ஷா அல்லா சேர்ப்பார். கோயிலில் மாலை, பொன்னாடை, பரிவட்டம். பூசாரிக்குத் தெரியும்: முன்னால் வருகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் ஒரே அர்ச்சனை, பெயர் நட்சத்திரம் மட்டும் வேறு.

அப்புறம் கொடுக்கல். அரசாங்கத்தில் இருப்பவர்கள் பள்ளிக்கு மானியம், கோயிலுக்கு மானியம், சாலைக்குத் தார் என்று அறிவிப்பார்கள். அதையே எதிர்க்கட்சி, இது ஓட்டுக்கு லஞ்சம் என்று கண்டிக்கும். ரந்தாவில் புதுமை என்னவென்றால் ரெண்டு தரப்பும் வசனத்தை மாற்றிக்கொண்டதுதான். ஆட்சியில் இருந்தபோது அள்ளி விட்டவர்கள் இப்போது, "அரசாங்க இயந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள்!" என்று அலறினார்கள். எதிர்க்கட்சியில் இருந்தபோது அலறியவர்கள் இப்போது, "இது வழக்கமான அதிகாரபூர்வ வருகை" என்று அடக்கமாகச் சொன்னார்கள். 2010-இல் சிபு இடைத்தேர்தலில் நஜிப் வெள்ளத்தடுப்புக்கு ஐந்து மில்லியன் வெள்ளி தருகிறேன், நீங்கள் எனக்கு உதவுங்கள் என்று மேடையிலேயே பேரம் பேசியதை வருஷக்கணக்காகக் கிண்டலடித்துப் பிழைத்தவர்கள் இவர்கள். கிண்டலடிக்கும் வேலை இப்போது ஆள் தேவை விளம்பரத்துக்கு வந்துவிட்டது.

இந்த அமளியில் லின்சம் பக்கத்தில் ஒரு பாட்டிக்கும் பேரனுக்கும் கீழ்க்கண்ட பேச்சு நடந்தது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். நடக்கவில்லை என்று நீங்களும் பண்ணமுடியாது.

"ஏன்டா, இந்தத் தோக் மாட்டு போன வருசமே ஜெயிச்சிட்டாருன்னாங்களே?"

"ஜெயிச்சாரு பாட்டி. ஓட்டு இல்லாம ஜெயிச்சாரு. கோர்ட்டுல செல்லாதுன்னுட்டாங்க."

"ஓட்டு இல்லாமலே ஜெயிக்க முடியுமா?"

"முடிஞ்சிச்சே."

"அப்ப இத்தனை வருசம் என்னைய எதுக்குடா வெயில்ல நிக்க வெச்சானுங்க?"

பேரனிடம் பதில் இல்லை. பாட்டி விடவில்லை.

"அந்த டாக்டரு தம்பிய ஏன் உள்ள விடல?"

"பாஸ் இல்லையாம் பாட்டி."

"கிராணி கையெழுத்துப் போட்ட பாஸா?"

"இல்ல, தேர்தல் ஆபீஸ் பாஸு."

"எல்லாம் ஒண்ணுதான். எங்க காலத்துல துரை பங்களாவுக்குப் போறதுன்னாலும் கிராணிகிட்ட சீட்டு வாங்கணும். அந்தத் தம்பிகிட்டச் சொல்லு, அடுத்தவாட்டி மொதல்ல கிராணியப் பாக்கச் சொல்லி."

பாட்டியின் சட்ட அறிவு கூட்டரசு நீதிமன்றத்துக்கு ஒத்துவராது. தோட்டத்து அனுபவத்துக்கு ஒத்துவரும்.

டாக்டரின் சங்கடம் வேறு. அதுவரை அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம், 'எனக்கு அநியாயம் பண்ணிவிட்டார்கள்' என்பது. கோர்ட்டு அதை ஏற்றுக்கொண்டு நியாயம் வழங்கிய நாளே அந்த ஆயுதம் மழுங்கிவிட்டது. கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன பிறகு வாக்காளனிடம் மறுபடி தீர்ப்புக் கேட்டால், "அதான் ஜெயிச்சிட்டீங்களே டாக்டர்" என்பான். இன்னொன்று, அவரை நிறுத்தியது தேர்தல் அதிகாரிகள். தோக் மாட் வாசலில் நின்று கதவைத் தள்ளவில்லை, கோர்ட்டும் அவர்மேல் குற்றம் சொல்லவில்லை. அதனால் அவர் மறுபடி நிற்கத் தடையும் இல்லை. பதினான்கு வருஷம் மந்திரி பெசாராக இருந்து, கல்யாணம், கருமாதி, கெண்டூரி என்று ஒன்று விடாமல் போய்வந்த உள்ளூர்க்காரர். "நானா ஓட்டு வேண்டாம்னு சொன்னேன்? போட்டுட்டா போச்சு" என்று சிரித்துக்கொண்டு நிற்கிற ஆளைத் திட்டி ஓட்டு வாங்குவது கடினம். பத்து மாதப் புது அரசாங்கத்தின் மேல் விலைவாசிக் கோபம் வேறு சேர்ந்துகொண்டது. டோல் எடுக்கவில்லை, பெட்ரோல் இறங்கவில்லை, கடை கண்ணியில் விலை ஏறியிருக்கிறது என்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர், அந்த அரசாங்கம் அமைந்த தேர்தலில் உள்ளேயே நுழையாத டாக்டர்.

ஏப்ரல் 13. அதே வாரம் இந்தியாவில் மக்களவைத் தேர்தல் தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 18. அங்கே தொண்ணூறு கோடி வாக்காளர், ஏழு கட்டம், ஒரு மாதத்துக்கு மேல். இங்கே இருபதாயிரம் பேர், ஒரு பகல். நாளைக்குப் புத்தாண்டுப் பாயசத்துக்குச் சேமியா வாங்கப் போகிற வழியில் விரலில் மை வைத்துக்கொண்டு போனார்கள் நம்மவர்கள். ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ஓட்டுப் போட்டார்கள். போன வருஷம் பூஜ்யம் விழுக்காட்டில் நடந்த தொகுதிக்கு இது நல்ல முன்னேற்றம்.

ராத்திரி முடிவு. தோக் மாட் 10,397. டாக்டர் ஸ்ரீராம் 5,887. வித்தியாசம் 4,510. சுயேச்சைகள் இரண்டு பேரும் ஆளுக்கு நூறைத் தொடவில்லை. டெபாசிட் அரசாங்கத்துக்கு நன்கொடை. நாட்டு நீதித்துறை இரண்டு கட்டமாக உட்கார்ந்து, ஓட்டு இல்லாமல் ஜெயித்தவரிடமிருந்து சீட்டைப் பிடுங்கி மக்களிடம் கொடுத்தது. மக்கள் அதை வாங்கிப் பார்த்து, தூசி தட்டி, அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ரசீதோடு.

இதில் டாக்டர் ஏமாந்தார் என்று பலரும் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2018-இல் அவர் உள்ளே போய் மனுக் கொடுத்து, அந்த அலையிலும் தோற்றிருந்தால், தோற்ற வேட்பாளர் பட்டியலில் கூட்டத்தோடு கூட்டமாகப் போயிருப்பார். எனக்கும் இந்தப் பக்கங்களை நிரப்ப வேறு ஆள் தேடவேண்டியிருந்திருக்கும். தேர்தல் அதிகாரி வேட்பாளரை எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்று கேட்டால் வக்கீல்கள் இன்றைக்கும் ரந்தாவ் வழக்கைத்தான் எடுப்பார்கள். தேர்தலில் தோற்று, சட்டப் புத்தகத்தில் ஜெயித்தவர் அவர்.

தோக் மாட்டுக்கும் ஒரு குறையும் இல்லை. 2022 நவம்பரில் ரெம்பாவ் நாடாளுமன்றத் தொகுதிக்குத் தாவி ஜெயித்தார். அந்தத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை; இழுபறி முடிந்து அன்வார் பிரதமரானார், தேசிய முன்னணியைச் சேர்த்துக்கொண்டு. தோக் மாட் அன்வாரின் அமைச்சரவையில் தற்காப்பு அமைச்சர் ஆனார், ஒரு வருஷத்தில் வெளியுறவு அமைச்சர் ஆனார். ரந்தாவுக்கு வந்து டாக்டருக்காக ஓட்டுக் கேட்ட தலைவருக்குப் பக்கத்து நாற்காலி.

2023 ஆகஸ்ட் 12-இல் மாநிலத் தேர்தல் வந்தபோது நெகிரி செம்பிலானில் நம்பிக்கைக் கூட்டணியும் தேசிய முன்னணியும் ஒரே அணி. ரந்தாவில் தோக் மாட்தான் அந்த அணியின் வேட்பாளர், மறுபடியும் ஜெயித்தார். 2019-இல் அவரைத் தோற்கடிக்கப் பதினான்கு நாள் வெயிலில் அலைந்த பி.கே.ஆர். தொண்டர்கள் இப்போது அவருக்கே ஓட்டுக் கேட்கவேண்டும். பாவம், கொடி கட்டுகிற பையன்கள். போன தடவை ஒரு விளக்குக் கம்பத்தில் யார் கொடி இருப்பது என்று சண்டை. இந்தத் தடவை ரெண்டு கொடியும் ஒரே கம்பத்தில், ஆனால் எது மேலே எது கீழே என்று கட்சி அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு, கைக்கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.